சொல்லுக்குச் சொல்

பேராசிரியர் க. கைலாசபதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது முற்போக்கு இலக்கியமும் தினகரன் ஆசிரியபீடமும் யாழ்ப்பாண வளாகத்தின் முதலாவது தலைவர் என்ற பதவியுமே. அவர் ஹோமரைக் கற்றுக்கொண்டு சங்கப் பாடல்களிடம் திரும்பி வந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் அவர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ என்ற பெயரில் பின்னாளில் தமிழிலும் வந்தது. ஆசிரியர் கலாசாலையில் இருந்த நாட்களில் அவருடைய ‘ஒப்பியல் இலக்கியம்’ எனக்குப் பரீட்சைக்குரிய நூல். வீரநிலைக் கவிதையைப் படித்தது வெகுகாலம் கழித்து, பரீட்சைத் தொல்லை ஏதும் இல்லாத வயதில். அதனால்தானோ என்னவோ, அந்நூலின் முடிவுகளைவிட அதற்கு அடியில் கிடந்த ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எழுத்தறியாத ஒருவன் ‘நான் கேட்டதைக் கேட்டபடியே பாடுகிறேன்’ என்று சொல்லும்போது அவன் சொல்வது உண்மையா, பொய்யா என்பதே அது.

கேள்விக்கு முன் ஆட்களைச் சொல்ல வேண்டும். தொம்சன் வெறும் நூலகப் பண்டிதர் அல்லர். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் பிளாஸ்கெட் என்றொரு சிறு தீவு. 1920களில் அங்கு போய் மீனவர்களோடு இருந்து ஐரிஷ் மொழியைக் கற்றவர் அவர். அம்மக்களின் அன்றாடப் பேச்சே கவிதையின் விளிம்பைத் தொட்டு நிற்பதைக் கண்ட பிறகே ஹோமரின் மொழி எத்தகையது என்று தமக்குப் புரிந்ததாகக் கருதியவர். அவர் தூண்டியதால் அத்தீவு இளைஞன் மொரிஸ் ஓ சலிவன் எழுதிய தன்வரலாறு 1933இல் வெளிவந்தது. தீவில் எஞ்சியிருந்த சில குடும்பங்களும் 1953இல் பெருநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுவிட, இன்று அங்கே இடிந்த சுவர்கள்தான் உள்ளன. கைலாசபதி மட்டுமல்ல, பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பியும் இதே தொம்சனின் மாணவரே.

நூலின் ஆய்வு முறைக்கு வேர் இன்னும் அப்பால் இருக்கிறது. மில்மன் பரி என்ற அமெரிக்கர், இலியட்டிலும் ஒடிசியிலும் திரும்பத் திரும்ப வரும் அடைமொழித் தொடர்களை எண்ணிப் பார்த்தார். அக்கிலீஸுக்கு ஒரு தொகுதி அடைமொழிகள், ஒடிசியஸுக்கு ஒரு தொகுதி. அடியில் எஞ்சியிருக்கும் இடத்தின் அளவுக்கேற்ப அவற்றில் ஒன்று வந்து உட்காருகிறது. இது ஏட்டின் முன் அமர்ந்து யோசித்து எழுதுபவனின் வேலையல்ல; கூட்டத்தின் முன் நின்று, நிற்காமல் பாடவேண்டியவனின் கைமுதல் என்று 1928இல் பாரிஸில் அளித்த ஆய்வில் அவர் காட்டினார். செத்த மொழியில் கண்டதை உயிருள்ள வாயில் சோதிக்க விரும்பி 1933இலும், பின் 1934 – 35இலும் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். மாணவர் அல்பேர்ட் லோர்ட் இரண்டாம் பயணத்தில் கூடச் சென்றார். அலுமினியத் தட்டுகளில் ஆயிரக்கணக்கில் பதிவுகள் செய்துகொண்டு திரும்பிய பரி, அதே 1935 டிசம்பரில் துப்பாக்கி வெடித்து இறந்துபோனார். வயது 33.

நமது இலக்கிய வட்டங்களில் இதற்குப் பின்னால் உள்ள ஒரு செய்தி எப்படிப் பேசப்படாமல் போயிற்று என்பது எனக்கு வியப்பு. ஹோமர் எப்படிப் பாடியிருப்பார் என்பதை உலகுக்குக் காட்டிக்கொடுத்த அந்தப் பாடகர்களில் தலைசிறந்தவர்கள் முஸ்லிம்கள். அவ்தோ மெஜெதோவிச் என்பவர் இன்றைய மொண்டெநீக்ரோவில் உள்ள பியெலோ பொல்யே என்ற ஊரில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். உதுமானியப் படையில் சேவை செய்தவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். அவ்தோ என்பது அப்துல்லாஹ் என்பதன் செல்லச் சுருக்கம். அவர் 1935இல் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட, ‘ஸ்மயிலாகிச் மெஹோவின் திருமணம்’ என்ற ஒரே பாட்டு 12,311 வரிகள். ஒடிசியும் ஏறத்தாழ அந்த அளவுதான்.

அந்த நாட்டு முஸ்லிம் பாட்டுகள் இவ்வளவு நீண்டதற்கு ஒரு காரணத்தை லோர்ட் தருகிறார். ரமழான் மாதத்து இரவுகளில் கோப்பிக்கடைக்காரர் ஒரு பாடகரை மாதம் முழுவதற்கும் பேசி அமர்த்திக்கொள்வார். நோன்பு திறந்து தொழுகையும் முடிந்தபின் ஆண்கள் வந்து கூடுவர். பாடகர் குஸ்லே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து விடியுமட்டும் பாடக்கூடியவராக இருக்க வேண்டும். முப்பது இரவுக்கு முப்பது பாட்டாவது கைவசம் வேண்டும். சுல்தான் சுலைமானின் காலம், எல்லைப்புறக் கோட்டைகள், துரோகம் செய்யும் வஸீர், குதிரை, பெண், திருமணம் என்று கதை நீளும். ஒடிசியில் பீக்கியரின் அரசவையில் குருட்டுப் பாடகன் தெமொதொகஸ் பாடியதை வாசிக்கும்போது என் மனக்கண்ணில் இப்போது அந்தக் கோப்பிக்கடைதான் வருகிறது.

இனிக் கேள்விக்கு வரலாம். சுலெய்மான் மகிச் என்ற பாடகரிடம், இன்று பாடிய இந்தப் பாட்டை இருபது ஆண்டு கழித்துப் பாடச் சொன்னால் எப்படிப் பாடுவீர் என்று பரியின் உதவியாளர் கேட்டார். உயிரோடிருந்தால் இதையே சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவேன் என்ற பொருளில் அவர் உறுதியாகப் பதிலளித்தார். நொவி பஸாரில் கோப்பிக்கடை நடத்திய ஜெமாயில் ஸோகிச், தாம் மகிச்சிடம் கேட்டுப் பழகிய பாட்டைப் பற்றி இதேபோல்தான் சொன்னார்: ஒரு வரி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தட்டுகள் வேறு கதை சொல்லின. மகிச்சின் பாட்டும் ஸோகிச்சின் பாட்டும் ஒன்றல்ல. 1934இல் ஸோகிச் பாடியதையும் பதினேழு ஆண்டு கழித்து அவரே பாடியதையும் அருகருகே வைத்தால் வரிகள் ஒத்துப்போகவில்லை.

மெஜெதோவிச்சின் கதை இன்னும் துலக்கமானது. மூமின் என்ற பாடகர், மெஜெதோவிச் அதுவரை கேட்டிராத ஒரு பாட்டை அவர் முன்னிலையில் பாடினார், 2,294 வரிகள். பாடி முடிந்ததும் பரி மெஜெதோவிச்சின் பக்கம் திரும்பி, இதை நீங்கள் பாடமுடியுமா என்று கேட்டார். மெஜெதோவிச் முதலில் மூமினின் பாட்டை மனமாரப் புகழ்ந்தார். பிறகு தாம் பாடினார். அது 6,313 வரிகள்! அதே கதை, அதே ஆட்கள், அதே முடிவு. ஆனால் வழியெல்லாம் புதிதாக ஆடையணிகளும் ஆட்களின் மனக்கிலேசங்களும் முளைத்திருந்தன.

பள்ளிக்கூடத்து அளவுகோலால் அளந்தால் தீர்ப்பு எளிது. இவர்கள் சொன்னது பொய்; குறைந்தபட்சம் தன்னையறியாத பொய். பிளேட்டோவும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லித் தமது இலட்சிய அரசிலிருந்து ஹோமரை வெளியே அனுப்பினார். கவிஞரை எளிதில் நம்பிவிடாதே என்ற எச்சரிக்கை நமக்கும் புதிதன்று. அத்தியாயம் ஒன்றே அவர்கள் பெயரால் உண்டு, விதிவிலக்கும் அதிலேயே உண்டு.

ஆனால் லோர்ட் ஒரு படி மேலே போய், அந்தப் பாடகர்களிடம் ‘சொல்’ என்றால் என்ன என்று கேட்கப்பட்டதைக் கவனித்தார். எழுத்தை அறிந்த நாம், இரு பக்கமும் வெளி விட்டு எழுதப்படும் ஒன்றைச் சொல் என்கிறோம். எழுத்தையே அறியாதவருக்கு அந்த வெளி எங்கே இருக்கிறது? அவர்களுக்கு ஒரு தொடரும் சொல்தான், ஒரு முழு அடியும் சொல்தான், சிலவேளை ஒரு நீண்ட பேச்சே ஒரு சொல்தான். நம் ஊரிலும் ‘அவர் ஒரு சொல் சொல்லிவிட்டார்’ என்றால் அகராதியிலுள்ள ஒற்றைச் சொல்லையா கருதுகிறோம்? ஆகவே ‘சொல்லுக்குச் சொல்’ என்று ஸோகிச் சொன்னதைப் பிரதியெடுப்பின் உத்தரவாதமாக நாம் கேட்டால், அவர் கொடுக்காத வாக்கை அவரிடம் கேட்கிறோம் என்றாகும்.

இதை ஓர் அயல்நாட்டாரின் சமாதானம் என்று தள்ளிவிட முடியாதபடி நமது அறிவு மரபிலேயே இதற்கு ஒப்பான நுண்ணிய பாகுபாடு இருக்கிறது. திருமறையைப் பொறுத்து ஓர் எழுத்தும், ஒரு நீட்டல் குறுக்கலும்கூட இடம் மாறக்கூடாது. ஹாபிழ்கள் அதற்காகவே பயிற்றப்படுகிறார்கள். நபிமொழி அறிவிப்பிலோ, சொல்லைக் கொண்டு அறிவித்தல், கருத்தைக் கொண்டு அறிவித்தல் என்று இரண்டைப் பிரித்து, பின்னது ஆகுமா என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் விரிவாக விவாதித்துள்ளனர். கடுமையாக மறுத்தவர் உண்டு. மொழியின் பொருளையும் அது மாறுபடும் இடங்களையும் நன்கறிந்தவருக்கு அது ஆகும் என்று இடங்கொடுத்தவர்களே பெரும்பான்மை. எழுதுகோலும் கையுமாக இருந்த பேரறிஞர்களே, பேணுதல் என்பது ஒரேயொரு வகைதான் என்று சொல்லவில்லை. எதைப் பேணுகிறோம் என்பதைப் பொறுத்தே எப்படிப் பேணுவது என்பது அமையும். பாடகனின் கதையை நான் இவற்றோடு சமமாக வைக்கவில்லை, வைப்பது பிழை. அளவுகோல் ஒன்றல்ல என்பதை மட்டுமே சுட்டுகிறேன்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வலப்பனையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தரம் 10 மாணவருக்கு வாய்மொழிப் பாடல் சேகரிக்கும் செயற்றிட்டம் கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளை தன் அம்மாயி பாடிய தாலாட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டு வந்தாள். தெளிவில்லாததால் மறுநாளும் பதிந்தாள். இரண்டையும் கொப்பியில் எழுதிப் பார்த்தால், முதல் நாள் வெள்ளிக் கொலுசோடு வந்த மாமன் மறுநாள் வேறு பாதையில், வேறு சீரோடு வருகிறார்.

“அம்மாயி மாத்தி மாத்திப் பாடுது சேர். எது சரின்னு எழுதுறது?” என்றாள். பின்வாங்கிலிருந்து ஒருவன், “அதுக்கு ஞாபகம் போயிருச்சு சேர்” என்றான். வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரமே லயத்துக்குப் போய்க் கேட்டேன். “ஒரே பாட்டுத்தான் மாஸ்டர் ஐயா. எங்கம்மா பாடுனத அப்பிடியே பாடுறேன், ஒரு சொல்லு மாறாது” என்றார் அந்த மூதாட்டி. மகிச்சின் பதில், நொவி பஸாரிலிருந்து மலைநாட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. மாமன் மாறியதைப் பற்றிக் கேட்டபோது அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை. “அன்னைக்கு மடியில கெடந்தது எம் பேத்தி. நேத்து அடுத்த காம்பராப் புள்ள. ரெண்டுக்கும் மாமன் ஒண்ணா?”

அவர் கணக்கில், இரண்டு நாளும் ஒரே மாமனைப் பாடியிருந்தால்தான் அது பொய். தாலாட்டின் சத்தியம் மடியில் இருக்கும் பிள்ளையைப் பொறுத்தது. வாயோடு சேர்த்து வாய்மை என்று உண்மைக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் கையால் எழுதியதைத்தான் நம்புவோம் என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம்.

எழுத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைப்பதற்குமுன் எழுத்து எதற்காகப் பயன்பட்டது என்றும் பார்க்க வேண்டும். இலியட் முழுவதிலும் எழுத்து என்பது ஒரேயோர் இடத்தில்தான் வருகிறது. ஆறாம் காண்டத்தில், பெல்லெரொபோன் என்ற இளைஞனைக் கொல்ல விரும்பும் மன்னன், தான் நேராகக் கொல்லக் கூசி, மடித்த பலகையில் சாவுக்குறிகளைப் பொறித்து அவன் கையிலேயே கொடுத்து இன்னொரு மன்னனிடம் அனுப்புகிறான். கொண்டுபோகிறவனுக்குத் தான் சுமப்பது தனக்கான மரண ஓலை என்று தெரியாது. பாடகர் மரபு எழுத்தை எப்படி நினைவு வைத்திருந்தது பாருங்கள்!

மலையகத்தாருக்கு இது கதையல்ல. துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளி இன்ன தொகை கடன். அதைக் கட்டினால் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிய துண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. அத்துண்டில் எழுதியிருந்த கடனோடு கட்டப்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அதை வாசிக்கத் தெரியாதவர்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் அது ஒழிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோமருக்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்கரிடம் எழுத்து இருந்தது. கிரீட் தீவின் நொஸொஸிலும் பைலொஸிலும் கிடைத்த களிமண் பலகைகளில் இருப்பது கிரேக்க மொழியே என்று 1952இல் மைக்கேல் வென்றிஸ் வாசித்துக் காட்டியபோது, புலமை உலகம் ஒரு காவியத்தையாவது எதிர்பார்த்திருக்கும். பலகைகளில் இருந்தவை ஆட்டுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு, தேர்ச்சக்கரக் கணக்கு, வேலைப் பெண்களுக்கு அளந்த தானியக் கணக்கு. நமது தோட்டத்துச் செக்ரோலேதான். அந்த அரண்மனைகள் எரிந்து, எழுத்தும் மறந்துபோய், சில நூற்றாண்டுகள் எழுத்தில்லாமல் கழிந்த பிறகும் அக்கிலீஸின் கோபம் வாய்வழி வந்து சேர்ந்தது. கணக்கப்பிள்ளை எழுதியது மண்ணுக்குள் போக, எழுதாதவன் பாடியது நின்றது. ஒருநாள் பேர் விழுந்ததா இல்லையா என்பதற்கு மட்டும் எழுத்தை அறிந்திருந்த எங்கள் பக்கத்து மக்கள் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் நூற்றாண்டுக்கு மேலாகக் கொண்டுவந்தது இதே வழியில்தான். சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கித் தந்தது 1980களில்தான்.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால், வாய்தான் நிலையானது, எழுத்து அழியும் என்று ஒரு கட்சி கட்டிவிடலாம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது. பொஸ்னியாவின் தேசிய நூலகம் 1992 ஆகஸ்டில் சராயேவோவில் எரிந்தது. ஆனால் வாயும் சாகும். யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோதுதான் மனனத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று முதல் கலீஃபாவின் காலத்தில் திருமறையை ஒன்று திரட்டும் பணி தொடங்கியது. இதை நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். பிளாஸ்கெட் தீவில் இன்று பாடுவதற்கு ஒருவருமில்லை.

வாய்ப்பாட்டை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இன்னொரு சிக்கலையும் தாண்டிப்போய்விடுகிறார்கள். மடியிலுள்ள பிள்ளைக்கேற்பப் பாட்டு மாறலாம் என்றால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பணக்காரனுக்கேற்பவும் மாறலாம் அல்லவா? கேட்போர் யார் என்று பார்த்து வெற்றி தோல்வியையே இடம்மாற்றிப் பாடிய பாடகர்கள் பால்கன் நாட்டிலும் இருந்தார்கள். கைலாசபதி காட்டும் பாணரும் பொருநரும் பரிசிலுக்குப் பாடியவர்கள். யானையும் தேரும் பெற்ற புலவன் மன்னனின் தோல்வியைப் பாடுவானா? ஒடிசியின் இருபத்திரண்டாம் காண்டத்தில் இது கத்தி முனையில் வந்து நிற்கிறது. தன் வீட்டை ஆக்கிரமித்திருந்தவர்களை ஒடிசியஸ் வெட்டிச் சாய்க்கிறான். அவர்களுக்காகப் பாடிய பெமியொஸ் என்ற பாடகன் அவன் காலைப் பிடித்து, கட்டாயத்தின் பேரில் பாடினேனேயன்றி விரும்பிப் பாடவில்லை என்று மன்றாடுகிறான். மகன் தெலெமாக்கஸ் சாட்சி சொல்ல, ஒடிசியஸ் அவனை விட்டுவிடுகிறான். சற்று முன்னர்தான், இதேபோல் காலைப் பிடித்துக் கெஞ்சிய பூசாரியின் தலை உருண்டது. கதையைப் பாடியவன் பாடகன் ஆதலால் தன் இனத்தானைக் காப்பாற்றிக்கொண்டான் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டாயத்துக்குப் பாடுவதும் கேட்போருக்காகப் பாடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசத்தை அறிந்த சாட்சி ஒருவன் வேண்டும் என்பதையே அக்காட்சி சொல்கிறது.

சாட்சி என்பதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன். எட்டாம் காண்டத்தில் தெமொதொகஸ் டிரோய் நகரத்துப் போரைப் பாடுகிறான். முன்னால் இருப்பவன் அந்தப் போரில் நின்ற ஒடிசியஸ் என்பது பாடகனுக்குத் தெரியாது. அவன் பாட்டைக் கேட்டு ஒடிசியஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். நீ அங்கே இருந்தவனைப் போல, அல்லது இருந்தவனிடம் கேட்டவனைப் போலப் பாடுகிறாய் என்று புகழவும் செய்கிறான். அவன் சொற்களைச் சரிபார்க்கவில்லை. தான் பட்டது பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். பாடகனின் வாய்மைக்கு அந்த உலகம் வைத்திருந்த பரீட்சை அது. பட்டவர்களும், பட்டவர்களிடம் கேட்டவர்களும் சபையில் இருக்கும்வரை பாட்டு எவ்வளவு நீண்டாலும் சுருங்கினாலும் அதற்கு ஒரு கடிவாளம் உண்டு. அவர்கள் போன பிறகு பாடகன் எதையும் பாடலாம், தடுக்க ஆளில்லை. எழுத்து தேவைப்படுவது அந்த இடத்தில். அவனைத் திருத்துவதற்காக அல்ல. சபை கலைந்த பிறகு சபைக்குப் பதிலாக இருப்பதற்காக.

கைலாசபதியின் நூலுக்குத் திரும்புவோம். ‘நெடுந்தேர்’, ‘கடுமான்’ போன்ற தொடர்கள் புலவருக்குப் புலவர் மீண்டும் மீண்டும் வருவதையும், துறைகள் பொதுவான கருப்பொருள் அச்சுகளாக அமைந்திருப்பதையும் கொண்டு, சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் பிறந்தவை என்று அவர் நிறுவ முயன்றார். எதிர்ப்பு இரண்டு திசையிலிருந்து வந்தது. ஒன்று ஆய்வு சார்ந்தது. பாணரின் வாய்ப்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவையே இவை என்று ஜோர்ஜ் ஹார்ட் 1975இல் வாதிட்டார். இதில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். பரியின் அளவுகோல் ஆயிரக்கணக்கான அடிகள் ஓடும் கதைப்பாட்டுக்கு ஆனது. நற்றிணையின் பத்துப் பன்னிரண்டு அடிப் பாட்டை மூச்சுவிடாமல் பாடுபவனின் அவசரத்தைக் கொண்டு விளக்க முடியாது. பானையோட்டில் தன் பெயரைக் கீறிவைக்கும் அளவுக்கு எழுத்துப் பரவியிருந்த நாடு அது. கைலாசபதி கொஞ்சம் தூரமாகவே போய்விட்டார் எனலாம்.

மற்ற எதிர்ப்புக்கு ஆய்வு தேவைப்படவில்லை. சங்கச் சான்றோரை எழுத்தறியாப் பாணரோடு சேர்த்துப் பேசுவதே இழிவு என்பது அதன் சாரம். இதை எழுப்பியவர்களுக்கு வலித்த இடம் வேறு. ஹோமரைப் போன்றவர் நம் புலவர் என்றால் மகிழ்வார்கள். ஹோமரே எழுத்தறியாதவர்தான், இறைச்சிக்கடைக்கார அவ்தோவைப் போன்றவர்தான் என்றால் முகம் கோணும். உயர்ந்ததோடு ஒப்பிட்டால் ஒப்பியல். தாழ்ந்ததென்று நாம் கருதுவதோடு ஒப்பிட்டால் அவமதிப்பு. அந்தத் தாழ்வு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது.

நம்மவர் இந்த நோயிலிருந்து தப்பியவர்கள் என்று சொல்லமாட்டேன். படைப்போர், மாலை, கிஸ்ஸா, மசலா, நாமா ஆகிய வடிவங்களைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் தேடித் தொகுத்து வைத்ததனால் அவற்றின் பெயர்களாவது நமக்குத் தெரிகின்றன. சீறாவை மேடையில் வைக்கும் நாம் படைப்போரை அட்டவணையோடு விட்டுவிடுகிறோம். ஒருவர் இராகத்தோடு வாசிக்க, வாசிக்கத் தெரியாத பலர் சுற்றியிருந்து கேட்ட இரவுகளுக்காக உண்டானவை அவை. திரும்பத் திரும்ப வரும் வருணனையைக் குறையென்று எழுதும் விமர்சகர், அதைக் கேட்ட காதை நினைப்பதில்லை. றபானைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வரும் பாவாவுக்குச் சில்லறை கொடுத்து அனுப்புகிற நாம், அவர் பாடியது எங்கே, யாரிடம் கேட்டது என்று விசாரித்திருக்கிறோமா? பரி வந்தது ஹார்வர்டிலிருந்து. மெஜெதோவிச்சின் அயலூர்ப் படித்தவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி பியெலோ பொல்யேக்கு மட்டும் உரியதல்ல.

பரியின் சேகரத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் அல்ல, ஒவ்வொரு முறை பாடியதற்கும் தனி இலக்கம். பாடியவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கேட்டார் என்ற விபரம், எல்லாம் அதனோடு. மெஜெதோவிச்சிடம் 1950களின் தொடக்கத்தில் லோர்ட் மீண்டும் போனபோது அவர் தளர்ந்திருந்தார். அதே மெஹோவின் பாட்டு சில ஆயிரம் வரி குறைந்து வந்தது. அதற்கும் ஓர் இலக்கம் கொடுத்துப் பதிந்துகொண்டார்கள். முந்தியதை மூலமென்றும் பிந்தியதைச் சிதைவென்றும் குறிக்கவில்லை.

எங்கள் வகுப்புச் செயற்றிட்டக் கொப்பியிலும் அதன்படியே செய்தோம். தாலாட்டு 1, தாலாட்டு 2. இரண்டுக்கும் கீழே தேதி, பாடியவர், அவருடைய தாய், மடியில் இருந்த பிள்ளை. அந்தக் கடைசி விபரத்தைச் சேர்க்கச் சொன்னது நானல்ல; அம்மாயியிடம் திரும்பப் போய்க் கேட்டு அவளாகவே எழுதி வந்தாள். போட்டி ஒன்றுக்கு அனுப்பலாமென்று விண்ணப்பப் படிவத்தை எடுத்தால், ‘இயற்றியவர்’ என்று ஒரு கட்டம், ‘பாடலின் சரியான வடிவம்’ என்று இன்னொரு கட்டம். முதலாவதில் என்ன எழுதுவது என்று வகுப்பில் இரண்டு பாடவேளை வாக்குவாதம் நடந்தது. அம்மாயி என்றார்கள் சிலர், அம்மாயியின் அம்மா என்றார்கள் சிலர். பின்வாங்குப் பையன் எழுந்து, “மடியில கெடந்த புள்ளயும் பாதி இயற்றுனதுதானே சேர்” என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. படிவம் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. இறுதித் தேதிக்கு நாளிருக்கிறது.